வெறும் வயிற்றில் ஒரு மருந்து

அக்கா,

நேற்று மாமா விட்டுப்போன தகர டப்பா என் மேசைமேல் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன டப்பா. மேலே ஒட்டிய காகிதம் ஓரமெல்லாம் கிழிந்து பழுப்பேறிவிட்டது. ஆனாலும் எழுத்து தெரிகிறது: தினம் ஒரு மாத்திரை, காலையில். அதற்கு மேலே மூடியில் இரண்டு கோடுகள். நீங்கள் அரிவாள் நுனியால் கீறியவை. ஒன்று காலைக்கு, ஒன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு. கையெழுத்துப் போடத் தெரியாத நீங்கள், கம்பெனி அச்சடித்த வரியைத் திருத்தி வைத்திருக்கிறீர்கள். திறந்து முகர்ந்தேன். மருந்து வாடை போய்க் கேழ்வரகு மாவு வாடைதான் அடித்தது. மாவுக் கையோடு எடுத்து எடுத்துக் கொடுத்திருப்பீர்கள்.

நான் இப்போது கிருஷ்ணகிரியில், மாதா கோயிலை ஒட்டிய மிஷன் மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நேற்றுக் காலை மாமா வரிசையில் நின்றிருந்தார். தாடி வளர்த்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

“மேரிக்கண்ணு தானே நீ? ஓசூரு பங்களாவுல எங்கூட்டுக்காரி கூட வேல செஞ்ச பொண்ணு?”

“ஆமாம் மாமா. அக்கா வரலையா?”

“அவ போயிட்டா கண்ணு. மாசம் ஒண்ணு ஆயிப்போச்சு. காய்ச்சல்னு படுத்தா, நாலாம் நாளு இல்ல.”

வரிசையில் பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. என் கையில் இருந்த மருந்துப் பொட்டலத்தை யாருக்குக் கட்டினேன் என்பதே மறந்துபோயிற்று. மாமா டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அவதான் இத ரெண்டா ஒடச்சு, களி போட்டுட்டு காத்தால பாதி, பொழுதோட பாதி குடுப்பா. இப்ப புது டப்பாவ எங்க ஊரு வாத்தியாரு படிச்சுட்டு, காத்தால ஒண்ணுன்னுதான் போட்டிருக்குது, ரெண்டு வேளையெல்லாம் கெடையாதுங்கறாரு. நீ இந்த மிஷன்ல இருக்கறன்னு யாரோ சொல்லக் கேட்டிருந்தா, சந்தேகம்னா உன்னக் கேக்கச் சொல்லியிருந்தா. எது நெசம் கண்ணு?”

அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வருஷம் ஆகிறது அக்கா. மூன்று வருஷமாக அந்த ஒரு வரியை மாற்றக் கம்பெனிக்காரர்களுக்கு மனம் வரவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை பேர் விடிந்ததும் ஒன்றை விழுங்கிவிட்டு, பொழுது சாயும்போது கிணற்றடியிலும் அடுப்படியிலும் விழுந்துகொண்டிருக்கிறார்களோ தெரியாது. எது நிசம் என்று மாமா கேட்டாரே, அதற்குப் பதில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் நீங்கள். ஒருவர் ஓசூர் பங்களாவில் சோதனை நடத்திய டாக்டர். மூன்றாவது ஆள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு மருந்து மேசைக்குப் பின்னால், மாமாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

ஓசூர் எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று டீக்கடையில் மூன்று பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. பெங்களூர் ரோட்டில் அந்தப் பழைய பங்களாவை மருந்துக் கம்பெனி வாடகைக்கு எடுத்தது. சென்னை வெயிலை வெள்ளை எலிகள் தாங்காது, ஓசூர் குளிர்ச்சி என்பது காரணம். நம்மைப் பற்றிய காரணம் எதுவும் இல்லை. எனக்கு டைப்பும் இங்கிலீஷும் தெரியும் என்று பதிவேடு எழுத எடுத்தார்கள். உங்களுக்கு மாட்டுக்கொட்டகை வேலை தெரியும் என்று கூண்டு பார்க்க எடுத்தார்கள். கெலமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு விடிவதற்குள் வந்துவிடுவீர்கள். எங்களிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம், எலிகளிடம் மட்டும் தெலுங்கு. உங்கள் வீட்டுப் பாஷையை எலிக்குத்தான் கொடுத்திருந்தீர்கள்.

கம்பெனி ஒரு புது வலிப்பு மருந்து செய்திருந்தது. அது வலிப்பை அடக்கும் என்பது முன்னாலேயே தெரியும். எவ்வளவு நேரம் அடக்கும் என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் அந்த எலிகள். பத்துப் பத்தாகப் பிரித்து வைப்போம். காலை ஆறு மணிக்கு எல்லாவற்றுக்கும் மருந்தைக் கோந்துத் தண்ணீரில் கலக்கி மெல்லிய குழாயால் வாய்க்குள் விடுவார் டாக்டர். ஒரு மணி நேரம் கழித்து முதல் பத்து. அப்புறம் நான்கு மணி நேரம், எட்டு, பன்னிரண்டு, மறுநாள் காலை என்று ஒவ்வொரு பத்தாக எடுத்து, கண்ணருகே கம்பியை வைத்து ஒரு நொடிகூட இல்லாமல் மின்சாரம் விடுவார். எலிக்கு வலிப்பு வரும். பின்னங்கால் இரண்டும் விறைத்துப் பின்பக்கம் நீண்டுவிட்டால் மருந்து போய்விட்டது என்று அர்த்தம். நீளாவிட்டால் மருந்து இன்னும் காக்கிறது. கடிகாரத்தையும் காலையும் பார்த்து நான் எழுதுவேன். ஒரு தடவை சோதித்த எலியை மறுபடி எடுப்பதில்லை. அதற்கப்புறம் அவற்றுக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்கும், பங்களாவுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் நீங்கள் தோண்டிய குழிகளுக்கும்தான் தெரியும். மண்ணைத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் நிற்பீர்கள்.

முதல் மாதத்திலேயே டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஆன எலிகள் ஒன்றுகூடக் காலை நீட்டவில்லை. மறுநாள் காலை எலிகளிலும் பாதிக்கு மேல் தாங்கின. முதல் மணி நேரத்து எலிகள் மட்டும் சிலது நீட்டின. “மருந்து இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான்” என்று அதைத் தள்ளிவிட்டார். யோசித்திருக்க வேண்டிய இடம் அது. படித்தவர் அவர். யோசிக்கவில்லை. “ஒரே மாத்திரை, ஒரு நாள் முழுக்க” என்று அறைக்குள் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல நான் அறிக்கையை டைப் அடித்தேன். அப்போதிருந்த மருந்துகளை இரண்டு வேளை, மூன்று வேளை போட வேண்டியிருந்தது. ஒரு வேளை மருந்து என்றால் கம்பெனிக்குக் கொண்டாட்டம்தானே.

அறிக்கை போய் இரண்டே மாதத்தில் மாத்திரை வந்தது. எலியை விட்டு நேராக மனிதர்களிடம். பெங்களூரிலோ சென்னையிலோ பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா? கெலமங்கலத்துச் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் காக்காய் வலிப்புக்காரர்கள் யார் யார் என்று உங்களையே கேட்டு, பெயர் எழுதி, கைநாட்டு வாங்கிக் கொடுத்தார்கள். மாமா பெயரையும் நீங்கள்தான் சொன்னீர்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து அவர் விழுந்துகொண்டிருந்தார். களத்தில், சந்தையில், ஒரு தடவை அடுப்பில். கை வெந்த தழும்பை எனக்குக் காட்டியிருக்கிறார். மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும்போது கிணற்றுக்குள் விழுந்துவிடுவாரோ என்று நீங்கள் வேலையில் இருந்துகொண்டே நாளெல்லாம் செத்துக்கொண்டிருந்தீர்கள். டப்பா கைக்கு வந்த அன்றைக்கு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்.

சொன்னபடி கேட்கிற மனிதர் மாமா. எழுந்ததும் ஒரு மாத்திரை, ஒரு மிடறு தண்ணீர், நேரே கிணற்றுக்கு. மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கிணற்றுக் கட்டையோரமே விழுந்தார். கால் வெளியே, தலை உள்ளே. பக்கத்து நிலத்துக்காரர் இழுத்துப் போட்டதால் பிழைத்தார். மறுநாள் நீங்கள் கூண்டு கழுவிக்கொண்டே கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“எலிக்கு மத்தியானம்தான் கண்ணு சொக்குது. எங்கூட்டு ஆளுக்கு மாத்தர போட்ட கொஞ்ச நேரத்துலயே சொக்குது. எலி சாய்ங்காலம் தாண்டி நிக்குது. இவரு சாய்ங்காலம் உழுவறாரு. ஒரே மருந்துதானே, ஏன்?”

“மனுஷன் வேற, எலி வேற அக்கா.”

“மருந்துக்கு அது தெரியுமா?”

நான் பதிவேட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். நீங்களும் அதற்குமேல் கேட்கவில்லை. மூன்று நாள் உங்கள் வாயில் தெலுங்குகூட வரவில்லை. நாலாம் நாள் காலை, எலிகளுக்கு மருந்து விட்டு முடிந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என்னிடம் வந்தீர்கள்.

“கண்டுபுடிச்சுட்டேன் கண்ணு. இவரு வெறும் வயித்துல போடறாரு. எலிக்கு நான் களி வெக்கறேன்.”

தினமும் உங்கள் தூக்குப் போசியிலிருந்து களியைக் கிள்ளி, பட்டாணி அளவு உருட்டி, ஒவ்வொரு எலிக்கும் வைத்தீர்கள். “தினு, தினு” என்று தின்னச் சொல்லி, தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் டாக்டருக்குக் கூண்டைத் திறந்துவிட்டீர்கள். சோதனையின் முறைப்படி எலி பட்டினியாக இருக்க வேண்டும். முந்தின சாயங்காலமே தீவனத்தட்டை எடுத்துவிடச் சொன்னது அதற்குத்தான். ஆனால் அது அச்சடித்த இங்கிலீஷ் தாளில் இருந்தது. உங்களிடம் தட்டை எடு என்று மட்டும் சொன்னார்கள். எதற்கு என்று தமிழில் சொன்னவர் இல்லை, தெலுங்கில் சொன்னவரும் இல்லை. ராத்திரி எலி தட்டில் அசிங்கம் பண்ணும், அதற்குத்தான் என்று நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். வெறும் வயிற்றில் மருந்து கொடுப்பது நம் வீடுகளில் உண்டா? கைக்குழந்தைக்குக்கூட ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் கஷாயம் புகட்டுவோம். நீங்கள் எலியையும் அப்படித்தான் பார்த்தீர்கள்.

களி வயிற்றில் கெட்டியாக நின்று மருந்தை மெதுவாக விட்டிருக்கிறது. அதனால்தான் ஏறவும் நேரமாயிற்று, இறங்கவும் நேரமாயிற்று. இங்கிலீஷ் தாளைப் படித்தவருக்குத் தோன்றாதது, வீட்டுக்காரர் எப்போது சொக்குகிறார், எப்போது விழுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்குத் தோன்றியது.

டாக்டர் அறைக்கு நடந்தீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்தேன்.

“வேண்டாம் அக்கா. வேலை போயிடும்.”

“வேல போனா போவுது. அவரு கெணத்துல உழுந்துட்டா?”

உள்ளே போய்ச் சொன்னீர்கள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். பதிவேட்டோடு நானும் வாசலில் நின்றேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“களி வைக்க யார் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. வெறும் வயித்துல மருந்து குடுக்கலாமுங்களா?”

“இது வேறு யாருக்காவது தெரியுமா?”

அவர் என்னைப் பார்த்தார். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள்.

“எனக்கு மட்டுந்தானுங்க தெரியும்.”

அடுத்த வாரம் பட்டினி எலிகளை வைத்து மறுபடி சோதனை நடந்தது. டாக்டர் கூண்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். முதல் மணி நேரத்தில் ஒரு எலிகூடக் காலை நீட்டவில்லை. நான்காம் மணி நேரத்திலும் தாங்கின. எட்டாம் மணி நேரத்தில் முக்கால்வாசி எலிகள் நீட்டின. பன்னிரண்டில் பத்தும் நீட்டின. விடிந்ததும் மாத்திரை போட்ட மாமா விளக்கு வைக்கும் நேரத்தில் விழுந்தது ஏன் என்று அந்தப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது. என் கையெழுத்தில்தான் இருந்தது.

டாக்டர் அந்தப் பக்கங்களைப் பதிவேட்டிலிருந்து கத்தியால் அறுத்தெடுத்துத் தன் பீரோவில் வைத்தார். தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போயாகிவிட்டதாம். டப்பா அச்சாகிவிட்டதாம். “மனிதர்கள் சாப்பிடத்தானே செய்கிறார்கள்” என்றார் என்னிடம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சாப்பிட்டால்தான் மருந்து நிற்கும் என்றால், ‘சாப்பிட்ட பிறகு’ என்று டப்பாவில் இரண்டு வார்த்தை சேர்க்க என்ன கேடு? சேர்த்தால் ஏன் சேர்த்தீர்கள் என்று மேலே ஒருவன் கேட்பான். கேட்டால் இவர் மூக்கு அறுபடும். ஒரு மனிதரின் மூக்குக்காக ஊர்ஊராக மனிதர்கள் தலை உடைத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் அவர்கள் விஞ்ஞானம் என்று வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பழியை மட்டும் உங்கள் தலையில் கட்டினார்கள். வேலைநீக்க உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். ‘கூண்டுப் பணியாளர் தம் இஷ்டத்துக்கு, யாருக்கும் தெரிவிக்காமல், சோதனை விலங்குகளுக்கு உணவு கொடுத்துச் சோதனையைக் கெடுத்தார்.’ சோதனை கெட்டது என்றால் அதன் முடிவும் கெட்டதுதானே அக்கா? முடிவு நல்லதாம், டப்பாவில் அச்சாகலாமாம். அதைச் செய்த கை மட்டும் கெட்டதாம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று அந்த மனிதரைப் பிடித்துக் கேட்க வேண்டும் போல எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன்.

மைப்பெட்டியில் உங்கள் கட்டைவிரலை நான்தான் பிடித்து அழுத்தினேன்.

“என்ன போட்டிருக்குது கண்ணு?”

“வேலையை விட்டு நிக்கச் சொல்லியிருக்குது அக்கா.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். முழுதாகப் படித்துக் காட்டவில்லை. நீங்கள் மைவிரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, கூண்டறைக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போசியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துபோனீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

இவ்வளவு நேரம் டாக்டரைத் திட்டினேன். கம்பெனியைத் திட்டினேன். மூன்று வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், எனக்கு அது வசதியாக இருந்தது. இப்போது நீங்கள் போய்விட்டீர்கள். இனிமேலும் ஒன்றைச் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த டாக்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

சோதனை தொடங்கிய முதல் நாள் காலை. நான் பதிவேட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் கூண்டறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள்.

“எல்லாத்துக்கும் ஒரு உருண்ட களி வெச்சுட்டேன் கண்ணு. எழுதிக்க.”

நான் சிரித்தேன். எலி எண், எடை, மருந்து, நேரம், கால் என்று ஐந்து கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

“களிக்கெல்லாம் இதுல கட்டம் இல்லக்கா.”

“இல்லன்னா என்னா, ஓரமா எழுது. வயித்துல போனது எல்லாம் கணக்குத்தானே.”

ஓரத்தில் குறிப்புக்கென்று ஒரு கட்டம் இருந்தது. கடைசிவரை காலியாகவே இருந்தது. அதற்கப்புறமும் இரண்டு மூன்று தடவை சொன்னீர்கள், ஒரு நாள் களி கொஞ்சம் இளகிப்போச்சு என்றுகூடச் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். எலி பட்டினியாக இருக்க வேண்டும் என்ற அந்தத் தாளை இரண்டு படி டைப் அடித்தவள் நான். இங்கிலீஷ் தெரிந்தவள் நான். உங்களுக்கும் அந்தத் தாளுக்கும் நடுவில் இருந்த ஒரே ஆள் நான். கூண்டுக்காரியின் பேச்சில் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது என்ற திமிர், வேறு ஒன்றும் இல்லை. டாக்டர் உங்களை மதிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லிக் கொதித்தேனே, நானும் அதைத்தான் செய்தேன், சிரித்த முகத்தோடு.

டாக்டர் யாருக்காவது தெரியுமா என்று கேட்டபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பயந்தேன். அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், தங்கைகள் இருந்தார்கள் என்று காரணம் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அதற்குப் பெயர் பயம். ‘யாருக்கும் தெரிவிக்காமல்’ என்ற அந்த இரண்டு வார்த்தையை என் விரலாலேயே தட்டினேன். ஆறு மாதத்தில் வேலையை விட்டுக் கிருஷ்ணகிரிக்கு வந்தேன். ஒரு தடவை கெலமங்கலம் சந்தையில் உங்களைப் பார்த்தேன். புளி பேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். மாமா பக்கத்தில் கூடையோடு நின்றிருந்தார், நன்றாக இருந்தார். நான் பாத்திரக் கடைக்குப் பின்னால் ஒதுங்கி, நீங்கள் போகும்வரை ஒரு சட்டியை விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று மதியம் மருந்தகம் மூடியதும் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் எங்கள் மிஷனில் இருக்கும் கன்னியாஸ்திரி, மெதுவாகப் பேசுகிறவர் இல்லை.

“இந்த மாத்திரையை நம் கையாலேயே ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் மேரி. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?”

அவர் அந்த ஏழெட்டுப் பேரின் தாள்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். எப்போது விழுந்தார்கள் என்று படித்துக்கொண்டே போனார். சாயங்காலம். சாயங்காலம். மாடு கட்டும் நேரம். சாயங்காலம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார்.

“எழுது. உன் பெயர் போட்டு எழுது.”

எழுதினேன் அக்கா. சோதனை எலிகளுக்குக் களி கொடுக்கப்பட்டது. பட்டினி எலிகளுக்கு மருந்து எட்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பக்கங்கள் இன்னாருடைய பீரோவில் இருக்கின்றன. களி வைத்தவர் அதை மறைக்கவில்லை. முதல் நாளே, பதிவேடு எழுதிய என்னிடம் தெரிவித்தார், எழுதிக்கொள்ளவும் சொன்னார். நான் எழுதவில்லை. ‘யாருக்கும் தெரிவிக்காமல்’ என்று உத்தரவில் இருப்பது பொய், அதை டைப் அடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். கீழே டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். கம்பெனித் தலைவருக்கு ஒன்று, சர்க்கார் மருத்துவ இலாகாவுக்கு ஒன்று. இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். பதில் வருமா தெரியாது. என்னைப் பொய்க்காரி என்பார்கள். மூன்று வருஷம் எங்கே போயிருந்தாய் என்பார்கள். அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. எனக்குப் பதில் சொல்லத்தான் யோக்கியதை இல்லை.

நேற்று எழுதி முடித்தபோது, மூன்று மணி பஸ்ஸுக்காக மாமா வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தார். முன்பு போலவே இரண்டு வேளை, பாதிப் பாதி, சாப்பிட்ட பிறகு என்று டாக்டரம்மாவே வந்து சொன்னார். அப்புறம் நான் அந்தக் கடிதத்தை மாமாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இந்தக் களி வெச்ச கத எனக்குத் தெரியுமே. வேல போன அன்னிக்கே சொன்னா. மேரிகிட்ட சொன்னேன், அது எழுதலன்னு.”

“அக்காவுக்கு என்மேல கோபம் இல்லையா மாமா?”

“இல்லாம? எட்டு நாளு உன்ன வஞ்சா. அப்பறம் ஒரு நா சொன்னா, நாந்தான் போயிட்டேன், உள்ள நடக்கறது தெரிஞ்ச ஆளு ஒண்ணாச்சும் அங்க இருக்கணுமே, அதுக்குத்தான் அந்தப் பொண்ணக் காட்டிக்குடுக்கலன்னு. அது என்னிக்காச்சும் சொல்லும்னா.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பாத்துக்கிட்டேதான் இருந்தா.”

நீங்கள் என்னை மன்னித்து விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னை நம்பி விட்டுப்போயிருக்கிறீர்கள். இந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது? ஓசூருக்குப் போய் டாக்டர் சட்டையைப் பிடிக்கலாம். கெலமங்கலத்தில் மூன்று வருஷம் பார்த்துக்கொண்டே இருந்த உங்களிடம் என்ன சொல்வேன்?

இந்த மருந்தகத்தில் சேர்ந்த அன்றே பதிவேட்டில் நானாக ஒரு கட்டம் கோடு போட்டுச் சேர்த்தேன். மருந்துக்கு முன்னால் என்ன சாப்பிட்டார் என்று. யார் வந்தாலும் கேட்பேன், கேட்டு எழுதுவேன். “மருந்து கேட்டு வந்தா சோத்த விசாரிக்குது இந்தம்மா” என்று வரிசையில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சொல்வார்கள். ஏன் கேட்கிறேன் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

பஸ் வரும் சத்தம் கேட்டு மாமா எழுந்தார். பழைய டப்பாவை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். புது டப்பாவின் மூடியில் அதே போல இரண்டு கோடு கீறிக் கொடுத்தேன். பிறகு பதிவேட்டைத் திறந்து அவர் பெயரை எழுதி, வழக்கம்போலக் கேட்டேன்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க மாமா?”

“களிதான் கண்ணு. வேற என்னா?”

எழுதிக்கொண்டேன், அக்கா.